விரைவு வேறு, நேரந்தவறாமை வேறு
தொழிற்சாலைக் கணனிகளில் செயலியும் நினைவகமும்

(எமது வானொலியின் அறிவியல் நேரத்தில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் கதைக்கப்போவது தொழிற்சாலைக் கணனிகளைப் பற்றி. பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும் கணனி அல்ல. பாண் வெட்டும் இயந்திரம், சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டும் இயந்திரம், குளிர்அறையின் வெப்பநிலையைக் காக்கும் இயந்திரம், இவற்றின் உள்ளே ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருந்து இரவு பகலாக வேலை செய்யும் கணனி. பார்க் றோயல், கிறீன்ஃபோர்ட், சவுத்தோல் பக்கத் தொழிற்சாலைகளில் எம்மவர் பலர் அப்படியான இயந்திரங்களின் முன்னால் நின்றுதான் குடும்பத்தை நடத்துகிறார்கள். நானும் அவற்றைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன்.

இது பொறியியலாளர்களுக்கு மட்டும் உரிய விடயம் என்று வானொலியைத் திருப்பிவிடாதீர்கள். இயந்திரம் பிந்தினால் முதலில் பேச்சு வாங்குபவர் அதன் முன்னால் நிற்பவர். சிறு தொழில் நடத்துபவர் என்றால் புதுக் கணனிக்குக் காசு கொடுப்பவர் நீங்கள். கணனி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், நாளைக்கு இதைத் திருத்தப்போவது அந்தப் பிள்ளை. ஆகவே கணனி ஏன் பிந்துகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் உரிய கேள்வி.

கணனி வாங்கப் போகும்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிகாஹேர்ட்ஸ்?" என்பது. அதாவது செயலியின் வேகம் என்ன என்பது. ஆனால் செயலி தனியே வேலை செய்வதில்லை. அதற்கு வேண்டிய எண்களும் கட்டளைகளும் நினைவகத்தில், நாங்கள் றாம் என்று சொல்வதில், இருக்கின்றன. அவை வந்து சேரும்வரை எவ்வளவு வேகமான செயலியும் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஒரு சமையலறையை நினைத்துப் பாருங்கள். சமைப்பவர்தான் செயலி. அடுப்புக்குப் பக்கத்தில் உப்பு, தூள், கடுகு வைத்திருக்கும் சிறு தட்டு இருக்கிறது. பின்னால் கராஜில் பத்துக் கிலோ அரிசி மூட்டை இருக்கிறது. கைக்கெட்டும் அந்தத் தட்டைக் கணனியில் காஷ் நினைவகம் என்கிறார்கள். செயலியின் சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறிய, மிக விரைவான நினைவகம் அது. கராஜ்தான் றாம். இடம் அங்கே அதிகம், ஆனால் போய்வர நேரம் எடுக்கும்.

எவ்வளவு நேரம்? இன்றைய சாதாரண கணனியில், மிக அருகில் உள்ள காஷிலிருந்து ஒரு எண்ணை எடுக்க ஏறத்தாழ ஒரு நானோ செக்கன் ஆகும். ஒரு செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோ செக்கன். றாமிலிருந்து எடுக்க ஏறத்தாழ நூறு நானோ செக்கன் வரை ஆகலாம். இந்த ஒரு நானோ செக்கனை ஒரு செக்கனாகப் பெருப்பித்துப் பாருங்கள். தட்டில் இருக்கும் உப்பை எடுக்க ஒரு செக்கன். கராஜுக்குப் போய்வர ஒரு நிமிடமும் நாற்பது செக்கனும். 3 கிகாஹேர்ட்ஸ் செயலி அந்த நூறு நானோ செக்கனில் 300 துடிப்புகளை வீணே கழிக்கிறது. அதே செயலிக்குப் பதிலாக 4 கிகாஹேர்ட்ஸ் செயலியை வைத்தால் என்ன நடக்கும்? 400 துடிப்புகளை வீணே கழிக்கும். கராஜ் இருந்த இடத்திலேதான் இருக்கிறது.

இந்தக் காத்திருப்புப் பிரச்சினை புதிதல்ல. கணனி பிறந்த காலத்திலேயே, இந்த லண்டன் மாநகரிலேயே, அதை எதிர்கொண்டிருக்கிறார்கள்.

ரெடிங்ரனில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் அலன் ரூரிங் 1945 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கணனிக்குத் திட்டம் வரைந்தார். அவர் அங்கிருந்து விலகிய பின்னர், ஜிம் வில்கின்சனும் கூட்டாளிகளும் அந்தத் திட்டத்தின் சிறிய வடிவம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். பைலற் ஏஸ் என்பது அதன் பெயர். 1950 மே 10 ஆம் திகதி அது தனது முதல் நிரலை இயக்கியது. இன்று அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

அந்தக் கணனியின் நினைவகம் பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய். எண்களை ஒலித்துடிப்புகளாக்கி ஒரு முனையில் விடுவார்கள். அவை பாதரசத்தினூடாகப் பயணம் செய்து மறுமுனைக்கு வரும். வந்ததும் மீண்டும் முதல் முனைக்கு அனுப்புவார்கள். இப்படி ஒரு குழாயில் 32 சொற்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லி செக்கன். உங்களுக்கு வேண்டிய சொல் அப்போதுதான் கடந்து போய்விட்டது என்றால், அது மறுபடி வரும்வரை முழுச் சுற்றும் காத்திருக்க வேண்டும். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டவர் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பது போல.

ரூரிங்கின் திட்டம் இதற்கு ஒரு வழி செய்தது. ஒவ்வொரு கட்டளையும், அடுத்த கட்டளை எங்கே இருக்கிறது என்பதையும் தன்னோடு கொண்டு வரும். ஆகவே கட்டளைகளை வரிசையாக அடுக்கத் தேவையில்லை. ஒரு வேலை முடியும் நேரத்தைக் கணக்கிட்டு, அந்த நேரத்தில் குழாயின் வாசலுக்கு வரும் இடத்தில் அடுத்த கட்டளையை வைப்பார்கள். நன்றாகத் திட்டமிட்டால் ஒரு கட்டளைக்கு 64 மைக்ரோ செக்கன். தவறவிட்டால் ஏறத்தாழ 1000 மைக்ரோ செக்கன். இயந்திரம் ஒன்றுதான், ஆனால் வேகத்தில் பதினைந்து மடங்குக்கு மேல் வேறுபாடு. நேரம் முழுவதும் நிரல் எழுதுபவரின் கையில் இருந்தது. வேலை கடினம். ஆனால் எந்தச் சொல் எப்போது வரும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் மொரிஸ் வில்க்ஸ் வேறு வழியில் சிந்தித்தார். நிரல் எழுதுபவருக்கு இவ்வளவு சுமை ஏற்றக்கூடாது என்பது அவர் பக்கம். அவருடைய எட்சாக் கணனியை அடிப்படையாக வைத்துத்தான் லயன்ஸ் தேநீர்ச்சாலைக் கொம்பனி, ஹமர்ஸ்மித்தில் இருந்த தனது கட்பி ஹோல் தலைமையகத்தில் லியோ என்ற கணனியைக் கட்டியது. 1951 ஆம் ஆண்டில் அது பேக்கரிக் கணக்குகளைப் பார்க்கத் தொடங்கியது. வர்த்தக வேலைக்கு ஒழுங்காகப் பயன்பட்ட உலகின் முதல் கணனி என்று அதைச் சொல்வார்கள். அதற்கும் பாதரசக் குழாய் நினைவகம்தான்.

பின்னர் 1965 இல் அதே வில்க்ஸ் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய, விரைவான நினைவகம் ஒன்றை வைக்கலாம். எடுத்த பொருளின் பிரதி தானாகவே அதில் தங்கட்டும், மறுபடி கேட்டால் கையருகே இருக்கும் என்பது அதன் சாரம். அதுதான் இன்றைய காஷின் கருத்து. 1968 இல் ஐ.பி.எம். கொம்பனி தனது பெரிய கணனி ஒன்றில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இடையில் 1967 இல், ரூரிங்கின் பெயரால் வழங்கப்படும் விருது வில்க்ஸுக்குக் கிடைத்தது.

நேயர்களே, இந்த இரண்டு வழிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரூரிங்கின் வழியில், பொருள் எப்போது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். வில்க்ஸின் வழியில், அடிக்கடி தேவைப்படுவதை இயந்திரமே ஊகித்துக் கையருகே வைத்திருக்கும். ஊகம் பெரும்பாலும் சரிவரும். சில நேரம் சரிவராது.

வீட்டுக் கணனி உலகில் வென்றது வில்க்ஸின் வழி. செயலிகளின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. றாமின் காத்திருப்பு நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. 1995 இல் வுல்ஃப், மக்கீ என்ற இரு ஆய்வாளர்கள் இந்த இடைவெளியை நினைவகச் சுவர் என்று அழைத்தார்கள். அந்தச் சுவரைத் தாண்டுவதற்குச் செயலி கட்டுபவர்கள் பல உத்திகளைச் சேர்த்தார்கள். காஷை ஒன்றுக்கு மூன்று அடுக்காக்கினார்கள். நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி முன்பு வேறொரு சில்லில் இருந்தது. அதைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். ஏ.எம்.டி. 2003 இலும் இன்ரெல் 2008 இலும் தமது முக்கிய செயலிகளில் இதைச் செய்தன. ஒரு பொருள் வரப் பிந்தினால், அதற்குள் வேறு வேலையைச் செய்யும்படி ஒழுங்கை மாற்றி இயங்கும் செயலிகளையும் கட்டினார்கள். சோறு வேகும் நேரத்தில் வெங்காயம் வெட்டுவது போன்றது அது.

கேம்பிரிட்ஜில் ஏகோர்ன் கொம்பனிக்காரர் இந்தப் பாடத்தை வேறு விதமாகக் கற்றார்கள். 1981 இல் வெளிவந்து பிரித்தானியப் பாடசாலைகள் எங்கும் பரவிய பி.பி.சி. மைக்ரோ கணனி அவர்கள் செய்தது. அடுத்த கணனிக்காகச் சந்தையில் இருந்த புதிய செயலிகளைச் சோதித்துப் பார்த்தபோது, றாம் தரக்கூடிய வேகத்தை அவை முழுதாகப் பயன்படுத்தவில்லை என்று கண்டார்கள். சோஃபி வில்சனும் ஸ்ரீவ் ஃபேர்பரும் தாங்களே ஒரு செயலியை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரல் 26 இல் முதல் சில்லு வந்து சேர்ந்தது. வெறும் 25,000 ட்ரான்சிஸ்ரர்கள்தான். அதுதான் ஆர்ம். இன்று உங்கள் கைத்தொலைபேசிக்குள் இருப்பது அதன் வழித்தோன்றல். அதில் இன்னொரு சிறப்பும் இருந்தது. வெளியிலிருந்து அவசர அழைப்பு வந்தால், அதற்கென்றே சில பதிவேடுகளைச் செயலிக்குள் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். கையில் இருக்கும் வேலையை றாமில் இறக்கி வைத்துவிட்டுத்தான் அழைப்பைக் கவனிக்க வேண்டும் என்றில்லை. உடனே கவனிக்கலாம். தொழிற்சாலைக்கு வேண்டியது இந்தக் குணம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். வீட்டில் ஒரு இணையப் பக்கம் அரைச் செக்கன் பிந்தித் திறந்தால் எவருக்கும் நட்டமில்லை. நூறு தடவையில் தொண்ணூற்றொன்பது தடவை விரைவாக இருந்தால் நல்ல கணனி என்கிறோம். தொழிற்சாலையில் அந்த நூறாவது தடவைதான் கணக்கு. பட்டியில் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கழிக்க வேண்டிய பெட்டியைத் தள்ளும் கை குறித்த நேரத்தில் நீள வேண்டும். ஒரு தடவை பிந்தினால் பிழையான பெட்டி கடைக்குப் போகும், நல்ல பெட்டி குப்பைக்குப் போகும்.

நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியையே எடுத்துக்கொள்ளுங்கள். கணனியிலிருந்து வரும் ஒலியில் ஒரு செக்கனுக்கு 48,000 துணுக்குகள் இருக்கும் என்று வைப்போம். 480 துணுக்குகளாக அனுப்பினால், பத்து மில்லி செக்கனுக்கு ஒருமுறை அடுத்த கட்டு தயாராக இருக்க வேண்டும். பதினோராவது மில்லி செக்கனில் வந்தால் பாட்டில் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். மற்றெல்லாக் கட்டுகளும் மூன்று மில்லி செக்கனில் வந்தன என்று சொல்லி அந்தச் சத்தத்தை அழிக்க முடியாது.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு கட்டுப்பாட்டு நிரல் ஒரு மில்லி செக்கனுக்கு ஒருமுறை ஓடி முடிய வேண்டும். ஒரு ஓட்டத்தில் அது நினைவகத்தில் 20,000 இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுகிறது. எல்லாம் செயலியின் காஷுக்குள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நானோ செக்கன் ஆனால், மொத்தம் 0.2 மில்லி செக்கன். தாராளமாக நேரம் இருக்கிறது. ஆனால் வேறொரு நிரல் வந்து அந்தக் காஷைத் தன் பொருட்களால் நிரப்பிவிட்டது என்று வையுங்கள். இப்போது ஒவ்வொன்றுக்கும் றாமுக்குப் போக வேண்டும். நூறு நானோ செக்கன் வீதம் 20,000 தடவை என்றால் 2 மில்லி செக்கன். நேரம் தவறிவிட்டது. நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. செயலியும் அதேதான்.

வேறொரு நிரல் எப்படி எங்கள் காஷுக்குள் வரும்? இன்றைய செயலியில் நான்கு, எட்டு என்று பல கருக்கள் இருக்கின்றன. நான்கு சமையற்காரர் போல. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சிறு தட்டு இருக்கும். ஆனால் பல செயலிகளில் பெரிய தட்டு பொதுவானது. றாமுக்குப் போகும் பாதையும் எல்லோருக்கும் பொதுவானது. ஒருவர் கொத்துரொட்டிக்குச் சாமான் முழுவதையும் கொண்டுவந்து பொதுத் தட்டில் கொட்டினால், மற்றவருடைய கடுகும் கருவேப்பிலையும் கீழே விழும்.

நான் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். மேற்கு லண்டனில் தயாரித்த உணவுகளைப் பெட்டியில் அடைக்கும் இடம். பட்டியின் மேல் நான்கு கமெராக்கள். ஒவ்வொரு பெட்டியிலும் சரியான லேபல் இருக்கிறதா என்று அவை பார்க்கும். சும்மா அழகுக்கு அல்ல. கச்சான், எள்ளு, பால் போன்ற ஒவ்வாமைப் பொருட்களின் பெயர் லேபலில் இல்லாமல் போனால் சாப்பிடுபவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே கணனிக்கு நேரத்துக்குள் படத்தைப் பார்த்து முடிக்க முடியாவிட்டால், சந்தேகத்துக்கு அந்தப் பெட்டியைக் கழித்துவிடும்.

இரவு வேலையில் கழிவுப் பெட்டிகள் அதிகம் என்று கணக்கு வந்தது. இரவில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் எம்மவர், அதிலும் பெண்கள். லேபல் சுருளை ஒழுங்காகப் போடுவதில்லை, நித்திரை தூங்குகிறார்கள் என்று மேற்பார்வையாளர் எழுதி வைத்தார். கணனி விற்பவரைக் கேட்டபோது, செயலி பழையது, கூடிய கிகாஹேர்ட்ஸ் உள்ள புதியது வாங்குங்கள் என்றார். கணனியின் திரையிலோ செயலி முழுதாக நிரம்பவில்லை, றாமில் பாதி காலியாக இருந்தது. ஆகவே கணனியில் பிழையில்லை, ஆட்களில்தான் பிழை என்பது முடிவாகிக்கொண்டிருந்தது.

அங்கே நிற்கும் ஒரு அக்காதான் வழி காட்டினார். "தம்பி, எந்த நேரமும் இப்பிடி இல்லை. ரண்டு மணிக்குத் துவங்கும், மூண்டு மணிக்குப் பிறகு தன்ரை பாட்டிலை நிண்டிடும். நாங்கள் அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் நித்திரையே கொள்ளுறம்?" என்று கேட்டார்.

இரவு இரண்டு மணிக்கு அந்தக் கணனியில் என்ன நடக்கிறது என்று பார்த்தோம். அன்றைய படங்களைப் பிரதி எடுப்பதும் வைரஸ் சோதனையும் அந்த நேரத்துக்கு ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன. அவை வேறு கருவில்தான் ஓடின. ஆனால் கோப்புகளை வாரி வாரி எடுக்கும்போது பொதுக் காஷை நிரப்பின, றாமுக்குப் போகும் பாதையையும் அடைத்தன. அந்தப் பெட்டிக்குள் றாம் அட்டைக்கு இரண்டு இடங்கள் இருந்தும் ஒரு அட்டைதான் போடப்பட்டிருந்தது. செயலியோ இரண்டு பாதைகளில் நினைவகத்தைப் பயன்படுத்தக் கட்டப்பட்டது. ஒரு பாதை சும்மா கிடந்தது. திரையில் படம் காட்டும் பகுதியும் தனக்கென்று நினைவகம் இல்லாமல் அதே ஒற்றைப் பாதையையே நம்பியிருந்தது.

சோதனைக்காகப் பிரதி எடுக்கும் நேரத்தை நான்கு மணிக்கு மாற்றினோம். கழிவுப் பெட்டிகளும் நான்கு மணிக்கு மாறின. அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. அதே வகையில் இரண்டாவது றாம் அட்டை ஒன்றைப் போட்டோம். பிரதி எடுக்கும் வேலையை வேறொரு கணனிக்குக் கொடுத்தோம். பெட்டியைத் தள்ளும் கையை ஒரு சிறு தனிக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்தோம். புதுச் செயலி வாங்கவில்லை. இரவுக் கழிவு பகல் அளவுக்கு இறங்கியது. இரவு வேலையாட்களைப் பற்றி எழுதியிருந்த குறிப்பை நீக்கச் சொல்லி அந்த அக்காவே நேரில் போய்க் கேட்டார். நீக்கினார்கள்.

றாமில் பாதி காலி என்று சொன்னேன். இடம் நிரம்புவது வேறொரு நோய். அதற்கும் லண்டனிலேயே உதாரணம் உண்டு. 1992 ஒக்ரோபர் 26 இல் லண்டன் அம்புலன்ஸ் சேவை தனது புதிய கணனி முறையைத் தொடங்கி, அது சுமை தாங்காமல் பெரும் குழப்பமானது. சில நாட்களின் பின், நவம்பர் 4 அதிகாலையில், கணனி முற்றாக நின்றுவிட்டது. காரணத்தை விசாரணை கண்டுபிடித்தது. ஒவ்வொரு அம்புலன்ஸை அனுப்பும்போதும் நிரலின் ஒரு பகுதி சிறிதளவு நினைவகத்தை எடுத்து, திருப்பிக் கொடுக்காமல் விட்டிருந்தது. ஏறத்தாழ மூன்று கிழமைகளில் முழு இடமும் தீர்ந்துபோனது. அந்த நோய்க்கு வேகமான செயலியும் மருந்தல்ல, இரண்டாவது பாதையும் மருந்தல்ல. நிரலைத்தான் திருத்த வேண்டும். காய்ச்சல் என்றால் எல்லாம் ஒரே காய்ச்சல் அல்ல. இடம் போதவில்லையா, பாதை ஒடுக்கமா, காத்திருப்பு நேரம் நிச்சயமில்லையா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

தொழிற்சாலைக் கணனிகளுக்கென்றே ரூரிங்கின் வழி இன்றும் உயிரோடு இருக்கிறது. 1962 இல் லங்காஷயரின் ஃப்ளீட்வுட்டில் இருந்த ஐ.சி.ஐ. சோடா தொழிற்சாலையைக் கட்டுப்படுத்த ஃபெரன்ரி கொம்பனியின் ஆர்கஸ் கணனியை வைத்தார்கள். அதன் நிரல், பலகைத் துளைகளில் செருகிய சிறு ஃபெரைட் குச்சிகளாக இருந்தது. மின்சாரம் போனாலும் நிரல் போகாது. இன்று ஆர்ம் நிறுவனத்தின் கோர்ரெக்ஸ்-ஆர் வகைச் செயலிகளில், கருவுக்கு ஒட்டினாற்போல் தனி நினைவகம் வைத்துக்கொள்ள முடியும். அது காஷ் அல்ல. அதற்குள் வைத்ததை வேறு எந்த வேலையும் தள்ளி விழுத்தாது. எடுக்க எத்தனை துடிப்பு என்பது முன்கூட்டியே தெரியும். இன்ரெல்லும் தனது சில செயலிகளில், பொதுக் காஷில் ஒரு பங்கை ஒரு வேலைக்கென்று ஒதுக்கி வைக்கும் வசதியைக் கொடுத்திருக்கிறது. பொதுத் தட்டில் கோடு கீறி, இது உன்னுடையது என்று பிரித்துக் கொடுப்பது போன்றது.

இனி, தொழில் நடத்தும் நேயர்கள் கணனி வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில.

முதலாவது, செயலிக்கு எத்தனை நினைவகப் பாதைகள், அவை எல்லாவற்றிலும் றாம் போட்டிருக்கிறதா? உதாரணமாக டி.டி.ஆர்.4-3200 வகை றாமில் ஒரு பாதை செக்கனுக்கு அதிகபட்சம் 25.6 கிகாபைற் தரும். இரண்டு பாதையில் 51.2. பதினாறு கிகாபைற் ஒற்றை அட்டையை விட எட்டு எட்டாக இரண்டு அட்டை பல வேலைகளுக்கு மேலானது.

இரண்டாவது, காஷ் எவ்வளவு, எந்த அடுக்கு எல்லாக் கருக்களுக்கும் பொது? விளம்பரத் தாளில் கிகாஹேர்ட்ஸ் பெரிய எழுத்தில் இருக்கும். இது சிறிய எழுத்தில் இருக்கும். தேடி வாசியுங்கள்.

மூன்றாவது, பிழை திருத்தும் நினைவகத்தைச் செயலி ஏற்றுக்கொள்ளுமா? றாமில் ஒரு சிறு எண் தானாகப் புரண்டால் கண்டுபிடித்துத் திருத்தும் வகை அது. எல்லாச் செயலிகளும் அதை ஏற்பதில்லை. அட்டையை மட்டும் வாங்கிப் பயனில்லை.

நான்காவது, கணனி எங்கே இருக்கப்போகிறது? பேக்கரி அடுப்புக்குப் பக்கத்தில், விசிறி இல்லாத மூடிய பெட்டியில் என்றால் கவனம். றாமில் உள்ள எண்கள் அழியாமல் இருக்க அவற்றை இடையிடையே புதுப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் செயலி காத்திருக்கும். றாமின் சூடு 85 பாகையைத் தாண்டினால் வழமையாக இரண்டு மடங்கு தடவை புதுப்பிக்க வேண்டிவரும். செயலியும் சூட்டுக்குப் பயந்து தன் வேகத்தைக் குறைக்கும்.

ஐந்தாவது, சராசரி வேகத்தைக் கேட்காதீர்கள். ஆகக் கூடிய தாமதம் எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் வேலையையே ஓடவிட்டு, பக்கத்தில் வேறு வேலைகளையும் ஓடவிட்டு, ஒரு நாள் முழுவதும் அளந்து காட்டச் சொல்லுங்கள். மின்சாரத்தை மிச்சம்பிடிக்க இடையிடையே உறங்கும் செயலி விழித்தெழவும் சிறிது நேரம் எடுக்கும். அதுவும் அந்த அளவீட்டில் தெரியவரும்.

கணனி படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. செயலி முழுதாக நிரம்பியிருக்கிறது என்று திரை காட்டினால் அது முழு நேரமும் வேலை செய்கிறது என்று நம்பிவிடாதீர்கள். றாமுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகவே அந்தத் திரை கணக்கில் சேர்க்கும். உண்மையை அறியச் செயலிக்குள்ளேயே எண்ணிகள் இருக்கின்றன. எத்தனை தடவை காஷில் பொருள் கிடைக்கவில்லை என்று அவை எண்ணிக்கொண்டிருக்கும். அவற்றை வாசிக்கப் பழகுங்கள். பெரிய படம் ஒன்றைக் காஷுக்குள் அடங்கும் சிறு துண்டுகளாக வெட்டிப் பார்க்கும்படி நிரலை மாற்றினாலே, அதே இயந்திரம் வேறு இயந்திரம் போல ஓடுவதைக் காணலாம். பல்கலைக்கழகத்தில் கணனிக் கட்டமைப்பு என்ற பாடம் கடினம் என்று பலர் ஒதுங்குகிறார்கள். ஒதுங்க வேண்டாம். பெற்றோர் நிற்கும் தொழிற்சாலைகளுக்கு அந்தப் பாடம் தெரிந்த ஆட்கள் தேவை.

இயந்திரத்தின் முன் நிற்கும் நேயர்களுக்கு நான் சொல்வது இதுதான். இயந்திரம் பிந்தும்போது நேரத்தைக் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு நின்றது, அந்த நேரம் வேறு என்ன ஓடியது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் போதும். பழுது பார்க்க வருபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. உங்கள் மேல் பழி வந்தால் காட்டுவதற்கும் அது கையில் இருக்கும்.